ஒன்பது பத்துக்கு வந்தவள்

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் வாளியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கீழே குழந்தைகள் அவசரப் பிரிவு, மேலே பயிற்சிக் கூடம். இரண்டையும் துடைப்பது அவள் வேலை. வாளி இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே ஆஸ்பத்திரிக்கு இரண்டு வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தவள் அவள். விடிந்ததிலிருந்து பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. புருஷன் லாரியோடு எங்கோ தொலைவில். ஜன்னலில் சீட்டு எழுதி நேரம் போட்டுக் கொடுத்தார்கள்: ஒன்பது பத்து. அன்றைக்குப் பிள்ளைகளுக்கென்று தனி அறை ஏது? முதுகுவலிக்காரர் முன்னால், பிள்ளை பின்னால். வரிசை என்றால் வரிசைதான். பத்து மணிக்கு மேல் பையன் அழுகையை நிறுத்தினான். “அப்பாடா, தூங்கிட்டான்” என்றார் முதுகுவலிக்காரர். அவளும், பாவி, அப்படித்தான் நினைத்தாள். பதினொரு மணிக்கு டாக்டர் தொட்டுப் பார்த்தார். பதினொன்றே காலுக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தக் காலத்தில் அங்கே ஒரு வழக்கம். டாக்டர் எப்போது கை வைக்கிறாரோ அதுதான் நோயாளி ‘வந்த நேரம்’. அதற்கு முன்னால் நீ வாசலில் கிடந்தாலும் கணக்கில் கிடையாது. ஆக, பையன் பதினொன்றுக்கு வந்தான், கால் மணியில் போனான். டாக்டர் அதன் கீழே ஒரு வரி எழுதிக் கையெழுத்தும் போட்டார்: ‘தாய் தாமதமாகக் கொண்டுவந்தார்.’

புருஷன் வந்து அந்தக் காகிதத்தைத்தான் படித்தான். சீட்டை நீட்டினாள். “சீட்டுல என்ன வேணா எழுதுவாங்க. டாக்டரு பொய் சொல்லுவாரா?” என்றான். அடித்திருந்தால்கூட ஒரு நாளில் ஆறியிருக்கும். பதினோரு வருஷமாக, கதவு திறக்கக் கொஞ்சம் நேரமானாலும் போதும், “உனக்கு எல்லாத்துலயும் லேட்டுதானே” என்று ஒரு குத்து. அந்தச் சீட்டை அவள் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தாள். அதை இந்த மனிதன் நம்ப வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

கையெழுத்துப் போட்ட டாக்டர் இப்போது பெரிய டாக்டர். கெட்டவர் என்று சொன்னால் என் வாய் வெந்துபோகும். அங்கே இங்கே அலைந்து, கெஞ்சிக் கூத்தாடி, குழந்தைகளுக்கென்று தனி அவசரப் பிரிவைக் கொண்டுவந்தவர் அவர்தான். அவளுக்கு வேலை போட்டுக் கொடுத்தவரும் அவரே. இப்போது வாசலிலேயே ஒரு நர்ஸ் நிற்கிறாள். அழுகிற பிள்ளையை விட்டுவிட்டு அழாத பிள்ளையை முதலில் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். செத்தது என்று நினைத்த பிள்ளைகள் பால் கேட்டு அழுவதை வாளியம்மா எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். பார்க்கும்போதெல்லாம் சந்தோஷம் வரும், கூடவே வயிறும் எரியும்.

ஒரு நாள் மேலே கூடத்தைத் துடைக்கும்போது பாடத் திரையில் ஒரு சின்னக் கையின் படம். நரம்பு கிடைக்காமல் ஐந்து இடத்தில் குத்திய கை. சுண்டுவிரலை ஒட்டி ஆறாவது விரல். அவள் எண்ணி எண்ணி முத்தம் கொடுத்த விரல். பக்கத்தில் அதே வரி, கொட்டை எழுத்தில்.

பெரிய டாக்டர் அறைக்குப் போய் நின்றாள்.

“அதுல உன் பேரு எங்கம்மா இருக்கு? பாடத்துக்காகப் போட்டது. யாருக்குத் தெரியப்போவுது?”

“எங்க வீட்டுக்காரருக்குத் தெரியுதே சார். நான் ஒம்போது பத்துக்கு வந்தேன். அந்த வரிய மட்டும் எடுத்துடுங்க.”

“சரி, பாக்கலாம்.”

பார்த்துக் கிழித்தார்! அந்த வரியை எடுத்தால், பிறகு தாமதம் யாருடையது என்று கேள்வி வரும். கீழே இருப்பது அவர் கையெழுத்து. காலையில் ‘வாசலில் கால் வைத்த நேரத்தைத்தான் எழுத வேண்டும்’ என்று பாடம் எடுப்பார். மத்தியானம் அதே வாயால் இந்தப் பாடத்தையும் எடுப்பார்.

போன வருஷம் ஒரு வெளிநாட்டு டாக்டரம்மா வந்தாள். பன்னிரண்டு நாட்டுக்குப் பயிற்சிப் புத்தகம் போடுகிறாளாம். அந்த ஆறு விரல் பாடம் அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. தாய் இங்கேதான் வேலை பார்க்கிறாள் என்று தெரிந்ததும் பார்த்தே ஆக வேண்டும் என்றாள். அறுபது டாக்டர், நர்ஸுகள் உட்கார்ந்திருந்த கூடத்தில் வாளியம்மாவை முன்னால் நிறுத்தினார்கள்.

இதை விட்டால் வேறு நாள் கிடைக்காது என்று அவளுக்குப் பட்டது. ரவிக்கைக்குள்ளிருந்து உறையை எடுத்து நீட்டினாள்.

“அம்மா, நான் லேட்டா வரல. ஒம்போது பத்துக்கு வந்தேன். ரெண்டு மணி நேரம் வரிசைல நிக்க வெச்சாங்க. அந்த வரிய அழிச்சுடுங்கம்மா.”

டாக்டரம்மாவுக்கு மொழி தெரியாது. பெரிய டாக்டர் பக்கம் திரும்பினாள். அவர் ஏதோ சொன்னார். வாளியம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் ‘தேங்க்யூ’ யாருக்குத்தான் தெரியாது? அவர் சொன்னதில் அது இரண்டு தடவை வந்தது.

டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளைக் கட்டிக்கொண்டாள். போட்டோ எடுத்தார்கள். இரண்டு மொழியும் தெரிந்த அறுபது பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவராவது வாயைத் திறக்க வேண்டுமே! குனிந்து நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஆறு மாதத்தில் புத்தகம் வந்தது, நம் மொழியிலும் போட்டிருந்தார்கள். பெரிய டாக்டரே ஒன்றைக் கையில் கொடுத்தார், முகத்தைப் பார்க்காமல். வீட்டில் புருஷன் அதைப் பிடுங்கிப் புரட்டினான். டாக்டரம்மா அவளைக் கட்டிக்கொண்டிருக்கும் படம் பக்கம் முழுக்க. அதன் கீழே இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

“‘தாய் தாமதமாகக் கொண்டுவந்தார்.’ பாத்தியா, அந்தம்மாவும் அதையேதான் போட்டிருக்காங்க. பன்னெண்டு நாட்டுக்குப் போகுதாமே?”

“ஆமா” என்றாள் அவள். “இத்தன வருஷமா இந்த வீட்டுல மட்டும்தான் நான் லேட்டு. இனிமே பன்னெண்டு நாட்டுலயும் லேட்டு. உங்களுக்கு இப்ப திருப்தியா?”