கள்ளன் குழி

எங்கள் ஊர்க் கோட்டைக்குள் ஒரு காலத்தில் பட்டணமே இருந்ததாம். கடைவீதி, குதிரை லாயம், கோயில், தெருத்தெருவாக வீடுகள். இப்போது மேலே ஒன்றும் இல்லை, கள்ளிச்செடியும் ஆட்டுப் புழுக்கையும்தான். மிச்சம் இருப்பதெல்லாம் பூமிக்குள் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் வெளியூர் ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். சேலத்திலிருந்து மோட்டாரில்கூட வருவார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறவர் எங்கள் அப்பா. அவர் செத்த பிறகு நான்.

மூன்றாவது வரைக்கும்தான் படித்தேன். நடந்ததை நடந்தபடி சொல்லத் தெரியும், அவ்வளவுதான். எங்கள் ஊர் மணியக்காரனை நேரில் பார்த்தால் 'சாமி' என்றுதான் கூப்பிடுவேன். எழுத உட்கார்ந்தால் 'அவன்' என்றுதான் வருகிறது. வரட்டும். ஊரில் சர்க்கார் என்றால் அவன்தான். நிலத்தில் பாதி அவனுடையது. எங்கள் குடிசை நிற்கிற இடமும் அவனுடையது.

அப்பா காட்டும் வரிசை மாறவே மாறாது. முதலில் வெடிமருந்து அறை. ஏழு படி இறங்க வேண்டும். பந்தத்தை வாசலிலேயே கல்லில் சொருகிவிட்டு எல்லாரையும் இருட்டில் தடவித் தடவி நடக்க வைப்பார். "மருந்தே இல்லையே, பந்தத்தை உள்ள கொண்டாந்தா என்ன?" என்று யாராவது கேட்பார்கள். "மருந்து போயிருச்சுங்க. மருவாதி போகலாமுங்களா?" என்பார். அடுத்தது சுரங்கம். நாற்பது அடி போனால் மண் சரிந்து அடைத்திருக்கும். அப்பா அந்த மண்ணைக் காட்டி, "இதுக்கு மேல காவேரி வரைக்கும் போகுதுங்க" என்பார்.

"நீ போயிருக்கியா?"

"போனவங்க திரும்பி வந்து சொல்லலீங்களே. அதான் நானும் போகலைங்க."

அப்புறம் கைதிகளை அடைத்த நிலவறை. சுவரெல்லாம் கீறல். அந்த இடத்தில் மட்டும் அப்பா வேடிக்கை பேச மாட்டார். அதற்கப்புறம் பாறைக்கு அடியில் ஒரு சுனை, கோடையிலும் முழங்கால் தண்ணீர் நிற்கும். கடைசியாகத் தானியக் குழிகள்.

பாறையைக் குடைந்து எடுத்த குழிகள் அவை. வாய் குறுகல், ஒரு ஆள் நுழையலாம். உள்ளே போகப் போக வயிறு பெருத்துக்கொண்டு போகும். மூன்று ஆள் ஆழம். கோட்டைக்காரர்கள் போன பின்னால் மணியக்காரன் வீட்டுச் சோளம்தான் அதில் கிடந்தது. பலகைக் கல்லை வைத்து மூடி, சாணியும் மண்ணும் குழைத்துப் பூசிவிட்டால் வருஷக்கணக்கில் கெடாது. ஆனால் திறந்தவுடனே இறங்கக் கூடாது. அடைத்துக் கிடந்த சோளத்தின் காற்று ஆளை அடித்துவிடும். கல்லை நகர்த்தி ஒரு நாள் ஆறப்போட வேண்டும். பிறகு சிம்னி விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். விளக்கு அடிவரைக்கும் எரிந்தால் இறங்கலாம். நடுவில் சுடர் நின்றுபோனால் கல்லை மூடாமல் விட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்கள் பக்கத்தில் சோளம் விதைக்கிற ஒவ்வொருவனுக்கும் இது தெரியும். பால் குடிக்கிற பிள்ளைக்குத்தான் தெரியாது.

அன்றைக்கு மதராஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி குடும்பத்தோடு வந்திருந்தார். மணியக்காரன் கூடவே நடந்து வந்தான். தன் குழியில் மூன்று வருஷத்துச் சோளம் நேற்று அறுத்த மாதிரி இருக்கும் என்று பெருமை அடித்துவிட்டான். அதிகாரிக்கு ஆசை வந்துவிட்டது. அவர்களையெல்லாம் தள்ளி இருந்த மண்டபத்து நிழலில் உட்கார வைத்து, இளநீர் வெட்டச் சொல்லிவிட்டு, அவன் மட்டும் குழிக்கு வந்தான். அங்கே இருந்தது நாலு பேர். அவன், அப்பா, அவனுடைய பண்ணையாள், தண்ணீர்க் குடத்தோடு நான். அப்பாவும் பண்ணையாளும் கடப்பாரை போட்டுக் கல்லை நகர்த்தினார்கள்.

"எறங்கி ஒரு கை அள்ளிக்கிட்டு வா," என்றான் மணியக்காரன்.

"இப்பத்தானுங்க தொறந்தோம். நாளைக்கு எறங்கிக்கலாமுங்க சாமி."

"நாளைக்கா? தொரை எளநி குடிச்சு முடிக்கறதுக்குள்ள வேணும்."

"வெளக்காச்சும் எறக்கிப் பாத்துக்கறனுங்க. ஒரு நிமிசமுங்க."

"ஏண்டா, கண்ணாலத்துக்கா வந்திருக்கே, வெளக்கேத்தறதுக்கு? எறங்கறியா, இல்ல நாளையிலிருந்து ஊடு வேற எங்காச்சும் பாத்துக்கறியா?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கயிற்றைக் கல்லில் கட்டி, அதைப் பிடித்து இறங்கினார். கயிறு கொஞ்ச நேரம் ஆடியது. அப்புறம் ஆடவில்லை. நான் குனிந்து கூப்பிட்டேன். என் குரல்தான் திரும்பி வந்தது.

கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக்கரண்டியைப் போட்டுத்தான் அவரை மேலே இழுத்தார்கள். அந்தக் கொக்கி அவர் வேட்டியில் மாட்டி, தோளில் மாட்டி, கடைசியில் அரைஞாண் கயிற்றில் மாட்டியது. வீட்டில் கிடத்திக் குளிப்பாட்டும்போது வலது கை மூடியே இருந்தது. அம்மா விரல் விரலாகப் பிரித்தாள். உள்ளே ஒரு கைச் சோளம். சொன்ன வேலையைச் செய்துவிட்டுத்தான் செத்திருக்கிறார்.

மதராஸ் அதிகாரி அன்றைக்கே குடும்பத்தோடு ஊர் திரும்பிவிட்டார். விசாரணைக்கு வந்தவர் வெளியூர்க்காரர். மணியக்காரன் அவருக்கு நாற்காலி போட்டு மோர் கொடுத்துச் சொன்னான்: "நான் மண்டபத்துல விருந்தாளிகளோட இருந்தனுங்க. இவன் புதையலு இருக்குதுன்னு தானா எறங்கியிருக்கான். கள்ளப் பய."

நான் போய் விளக்கைப் பற்றிச் சொன்னேன்.

"வெளக்கா? எங்க பக்கம் அப்படி ஒரு வழக்கமே கெடையாதுங்க. சின்னப் புள்ள, அப்பன் செத்த துக்கத்துல ஒளறுது," என்றான்.

சுற்றி நின்ற அத்தனை பேரும் சோளம் விதைக்கிறவர்கள். ஒருவனும் வாய் திறக்கவில்லை. பண்ணையாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எழுதி முடித்துக் கையெழுத்தும் ஆகிவிட்டது. பத்து நாளில் அந்தக் குழிக்குக் கள்ளன் குழி என்று பேர் விழுந்தது. ஆடு மேய்க்கிறவர்கள்கூட, "கள்ளன் குழிப் பக்கம் ஓட்டிக்கிட்டுப் போ" என்றார்கள்.

எனக்குப் பள்ளிபாளையத்தில் தறி நெய்கிற இடத்தில் நிச்சயம் ஆகியிருந்தது. அந்தப் பையனின் அம்மா ஆள் அனுப்பினாள். வந்தவர் திண்ணமாகச் சொன்னார்: "கள்ளன் மகளக் கட்டுனா, தறியில நூலக்கூட எண்ணி வெக்கோணும்னு சொல்லச் சொன்னாங்க." அம்மா அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

அப்போதே முடிவு செய்துவிட்டேன். அப்பா பேரில் விழுந்த அந்தச் சொல்லை அவன் வாயாலேயே எடுக்க வைக்க வேண்டும். நாலு பேர் முன்னால்.

அவனிடமே போய் வேலை கேட்டேன். சுரங்கத்துக்கும் நிலவறைக்கும் என்னைத் தவிர யாருக்கும் வழி தெரியாது, கேட்டதும் கொடுத்துவிட்டான். "அப்பன் கள்ளனா இருந்தாலும் புள்ளைய நான் கை விடலை, பாருங்க" என்று விருந்தாளிகளிடம் என்னை வைத்துக்கொண்டே சொல்லுவான். ஒரே ஒரு கட்டளை போட்டான். கடைசிக் குழிக்கு வந்ததும், இது கள்ளன் குழி, புதையலுக்கு இறங்கின கள்ளனைக் கோட்டைக் காவல் சாமி அடித்துப் போட்டது என்று நான் சொல்ல வேண்டும். ஆட்களுக்கு அந்தக் கதைதான் பிடித்தது. வெடிமருந்து அறையில் கொட்டாவி விடுகிறவர்கள் அந்தக் குழியில் கண்ணை அகல விரிப்பார்கள். இரண்டு வருஷம் என் வாயாலேயே அதைச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் சொல்லி முடித்ததும், உனக்கும் ஒரு நாள் வரும் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

வந்தது. அவன் மகளைப் பார்க்க நாமகிரிப்பேட்டைப் பக்கமிருந்து சம்பந்தக்காரர்கள் வந்தார்கள். பெரிய காடு தோட்டம் உள்ளவர்கள். மாப்பிள்ளை திருச்சியில் காலேஜில் படிக்கிறவன். சாப்பாடு முடிந்து, தாம்பூலம் மாற்றுவதற்கு முன்னால் ஒரு நடை கோட்டையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பேச்சு. எனக்கு முந்தின நாளே தெரிந்துவிட்டது. அப்பா செத்த பின்னால் மூடிப் பூசின குழியை அதுவரைக்கும் யாரும் திறக்கவில்லை. காலையில் போய்க் குழிக்கல்லைச் சுற்றிப் பூசியிருந்த மண்ணைச் சுரண்டி வைத்தேன். கல்லை நகர்த்தவில்லை. பண்ணையாள் அந்தப் பக்கமாக வந்தான். என்னையும் கல்லையும் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் போய்க் கடப்பாரையைக் கொண்டுவந்து பக்கத்துப் புதரில் வைத்துவிட்டுப் போனான்.

வெடிமருந்து அறை, சுரங்கம், நிலவறை, சுனை எல்லாம் முறையாகக் காட்டினேன். மாப்பிள்ளை சிரித்துப் பேசுகிறவன். சுரங்கத்தில், "இதுல போனா காலேஜுக்குப் போயரலாமா?" என்று கேட்டான். கடைசியில் குழிக்கு வந்தோம்.

"இதாங்க கள்ளன் குழி," என்றேன்.

"கள்ளன் எப்படிச் செத்தான்?"

"வெளக்கு எறக்காம எறங்குனாருங்க."

மணியக்காரன் என்னை முறைத்தான். பிறகு சம்பந்தியைப் பார்த்துச் சிரித்தான். "வெளக்கும் இல்ல, ஒண்ணும் இல்லைங்க. புதையலெடுக்க வந்த பய. காவ சாமி அடிச்சிருச்சு. ஏம்புள்ள, ஒழுங்காச் சொல்லு."

"தொறந்து பாக்கலாமா?" என்று மாப்பிள்ளை கேட்டான். அவன் கேட்டு முடிப்பதற்குள் பண்ணையாள் கடப்பாரையைக் கொண்டுவந்துவிட்டான். நானும் பண்ணையாளும் கல்லை நெம்பினோம். மணியக்காரன், "யாரு உங்களத் தொறக்கச் சொன்னது?" என்றான். "மாப்ளைங்க கேட்டாங்க, சாமி," என்றேன். அப்பாவின் சிம்னி விளக்கைப் பற்ற வைத்துக் கயிற்றில் கட்டி இறக்கினேன். ஒரு ஆள் ஆழம் போவதற்குள் சுடர் சுருங்கி நின்றுவிட்டது. எல்லாரும் பார்த்தார்கள்.

"சாமி ஊதி அணைச்சிருச்சுங்களா, மாமா?" என்றான் மாப்பிள்ளை. சிரித்துக்கொண்டே குழியின் வாயில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே விட்டான். நான் காலையிலேயே பக்கத்துக் கல்லில் கட்டி வைத்திருந்த கயிற்றைப் பிடித்தான். "நான் புதையலுக்கு எறங்கல. என்னை அடிக்குதான்னு பாக்கறேன்."

நான் நினைத்து வந்தது வேறு. மணியக்காரனைத்தான் வம்புக்கு இழுக்க நினைத்தேன். விளக்கெல்லாம் பொய் என்றால் நீங்களே இறங்கிக் காட்டுங்கள் என்று கேட்பதாக இருந்தேன். வீம்புக்கு அவன் இறங்கினால் இன்னும் நல்லது என்றும் நினைத்திருந்தேன். இப்போது உட்கார்ந்திருந்தது வேறு ஒரு பிள்ளை. எனக்கு ஒரு தீங்கும் செய்யாதவன். எழுந்திருங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மணியக்காரன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

மாப்பிள்ளையின் இடுப்பு குழிக்குள் போனது. மணியக்காரன் பாய்ந்து அவன் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கினான். தூக்கின வேகத்தில் இரண்டு பேரும் மண்ணில் விழுந்தார்கள்.

"வேண்டாமுங்க மாப்ளை, வெளக்கு நின்னு போச்சுங்க. வெளக்கு நின்ன குழியில எறங்குனா ஆளு தேறாதுங்க. இதுகூடத் தெரியாதுங்களா?"

அவனுக்கே, தான் சொன்னது காதில் விழுந்திருக்க வேண்டும். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டே இருந்தான். மண் போன பிறகும் தட்டினான்.

"எங்கப்பன் கேட்டதும் இதுதானுங்க, சாமி," என்றேன். "ஒரு நிமிசந்தானே கேட்டாரு."

மாப்பிள்ளையின் அப்பா என் பக்கம் திரும்பினார். "யாரு அம்மிணி உங்கப்பன்?"

"நீங்க கேட்ட கள்ளனுங்க."

அவர் கொஞ்ச நேரம் குழியைப் பார்த்தார். அவர் வீட்டிலும் சோளக் குழி இருக்கும், இல்லாமல் இருக்காது. பிறகு பண்ணையாளைப் பார்த்து, "நீ அன்னைக்கு இருந்தியாப்பா?" என்று கேட்டார்.

"இருந்தனுங்க. வெளக்கு எறக்கறேன்னு கெஞ்சுனானுங்க. இவுங்கதான் எறங்கச் சொன்னாங்க," என்றான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் என்ன என்று எனக்கு அவன்மேலும் ஆத்திரம் வந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

"சம்பந்தி, அது வந்துங்க..." என்று மணியக்காரன் தொடங்கினான்.

"வண்டியைக் கட்டச் சொல்லுங்க," என்றார் அவர்.

அவர்கள் கோட்டையிலிருந்தே வண்டி ஏறிவிட்டார்கள். வீட்டில் வெற்றிலைத் தட்டு அப்படியே இருந்தது. மணியக்காரன் மகள் அதன் பக்கத்தில் புதுப் புடவையோடு பொழுது சாயும் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள் என்று சொன்னார்கள். நான் உருகவில்லை. நானும் ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருந்தேன். அவள் என்ன பாவம் செய்தாள் என்று அம்மா கேட்டாள். ஒன்றும் செய்யவில்லைதான். நானும் ஒன்றும் செய்யவில்லையே.

அவன் இன்னும் மணியக்காரனாகத்தான் இருக்கிறான். எந்த ஜெயிலுக்கும் போகவில்லை. குடிசையைக் காலி பண்ணச் சொன்னான், பண்ணையாளையும் விரட்டிவிட்டான். நாங்கள் புறம்போக்கில் கீற்றுக் குடிசை கட்டிக்கொண்டோம். கோட்டைக்குள் கால் வைக்கக் கூடாது என்று எனக்கு ஆள் விட்டான். அப்பா கையிலிருந்த சோளத்தை ஒரு துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். அதைச் சமைக்கவும் இல்லை, விதைக்கவும் இல்லை. அவன் சாகிற அன்றைக்கு அவன் வாசலில் கொட்டுவதற்கு வைத்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை பள்ளிபாளையம் பக்கமிருந்து இரண்டு வண்டி ஆட்கள் கோட்டை பார்க்க வந்தார்கள். வழி விசாரித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். முன்னால் வந்த பெண்பிள்ளை இடுப்புக் குழந்தையோடு நின்று கேட்டாள்:

"ஏனுங்க அம்மிணி, மணியக்காரரு வெளக்கு எறக்க உடாம ஒரு ஆளக் கொன்னாராமே, அந்தக் குழி எங்க இருக்குதுங்க?"

அவள் கள்ளன் என்று சொல்லவில்லை. நான் கயிற்றையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு எழுந்தேன்.