சத்யா அழித்த வசனங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, பாகூர் சமுதாயக் கூடத்து வாசலில் ஒரு அம்மா என்னோடு சண்டைக்கு வந்தார்.

மீன் விற்றுவிட்டு நேராக வந்திருந்தார். தலையிலிருந்த அன்னக்கூடையைப் படியில் இறக்கி வைத்தார். இடுப்பில் செருகியிருந்த சின்னப் புத்தகம் ஒன்றை உருவி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இத்த அச்சடிச்சது நீதானா?"

நான்தான். கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்து, நாங்களே மடித்து, நாங்களே பின் அடித்த காமிக்ஸ் புத்தகம்.

"படம் வரையுதுன்னுதான பொண்ண அனுப்பினேன்? எங்க வூட்டு விஷயத்த மார்க்கெட்டுல நாலு பேரு கையில வெச்சிக்கினு பாக்குறாங்க. என்னியக் கூப்ட்டு வெச்சிக் காட்டுறாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. படம் தெரியாதா?"

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும்… சண்டை என்று வந்துவிட்டால் நான் லேசில் விடுகிற ஆள் இல்லை. ஆனால் அன்றைக்கு நான் பதிலுக்குச் சண்டை போடவில்லை. ஏனென்றால் அந்த அம்மா கேட்டதில் பாதி நியாயம் இருந்தது.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

மூன்று மாதமாக ஞாயிறுதோறும் அரியாங்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் பாகூர் போய்வருகிறேன். கரும்பு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளாவிட்டால் அரை மணி நேரப் பயணம். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பதினொரு பேர் வருகிறார்கள். படிப்பை விட்டவர்கள், கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள், வீட்டோடு உட்கார வைக்கப்பட்டவர்கள். அவரவர் கதையை அவரவரே காமிக்ஸாக வரைய வேண்டும். அதுதான் திட்டம். இதற்காக நான் எழுதிய விண்ணப்பத்தில் 'குரலற்றவர்களுக்குக் குரல் கொடுத்தல்' என்று ஒரு வரி உண்டு. டைப் செய்தபோது எனக்கே பிடித்திருந்தது.

முதல் நாள் பெரிய பேச்சாகப் பேசினேன். "ஓவியம் தெரியணும்னு அவசியமே இல்லை. ஒரு வட்டம், அஞ்சு கோடு — மனுஷன் ரெடி. அவன் வாய்க்கு மேலே ஒரு பலூன் போடுங்க. பலூனுக்குள்ளே அவன் பேசறதை எழுதுங்க. அவ்வளவுதான் காமிக்ஸ்."

"அவ்ளோதான்னா நீங்க எதுக்குக்கா வர்றீங்க?" என்றாள் ஒரு பெண்.

அவள் பவித்ரா. குருவிநத்தம் காலனி. இருபத்தொரு வயது. அவள் அம்மா கரும்பு வெட்டப் போகிறார். இவள் பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் பேக்கிங் செய்கிறாள். வாரத்தில் ஆறு நாள் நின்றுகொண்டே வேலை. ஏழாவது நாள் என்னை வந்து இப்படிக் கேள்வி கேட்கிறாள். இது உருப்படும் என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

பவித்ராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சத்யா. மணப்பட்டு மீனவக் குடும்பம். இருபது வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. டவுனில் காது கேளாதோர் பள்ளியில், ஹாஸ்டலில் தங்கி எட்டாவது வரை படித்தாள். சைகை மொழி அங்கே கற்றதுதான். அதன் பிறகு ஊருக்கு வந்துவிட்டாள். ஊரில் அந்த மொழி பேச ஆள் இல்லை. வீட்டில் ஏழெட்டு சைகை வைத்திருந்தார்கள். சாப்பிடு, தண்ணி, வா, போ, படு… அதிலேயே அன்றாடம் ஓடிவிட்டது. ஓடிவிடுகிறது என்பதற்காகவே நாம் எத்தனை விஷயங்களை அப்படியே விட்டுவிடுகிறோம்?

சத்யாவின் கோடு பிரமாதமான கோடு. அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

நாலாவது வாரம் அவள் தன் கதையை முடித்துக் கொடுத்தாள். மூன்று பக்கம். முதல் கட்டத்தில் ஒரு வீட்டு வாசல், அங்கே யார் யாருடையதோ செருப்புகள். அடுத்ததில் தட்டு நிறைய கேசரி, மிக்சர். பட்டுப் புடவையில் ஒரு பெண் தட்டோடு நிற்கிறாள். சுற்றிலும் பெரியவர்கள், எல்லார் வாயும் திறந்திருக்கிறது. ஒவ்வொரு வாய்க்கு மேலும் ஒரு பலூன். எல்லா பலூனும் காலி.

பாவம், வசனம் எழுதத் தெரியாமல் விட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்கு எடுத்துப் போனேன். பெண் பார்க்கும் வீட்டில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? "வாங்க வாங்க, வழி தெரிஞ்சுதா?" "பொண்ணு நல்லா சமைப்பா." "பையனுக்கு எந்தக் கெட்ட பழக்கமும் கெடையாது." பென்சிலால் ஒவ்வொரு பலூனையும் நிரப்பினேன். நகைச்சுவைகூடச் சேர்த்தேன். நன்றாகவே வந்திருந்தது என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

அடுத்த ஞாயிறு சத்யா அதை வாங்கிப் பார்த்தாள். ரப்பரை எடுத்தாள். ஒன்றுவிடாமல் அழித்தாள். அழித்த வேகத்தில் இரண்டு இடத்தில் தாள் நைந்துபோனது.

எனக்குச் சுருக்கென்றது. பவித்ராதான் அவளோடு கைகளால் பேசினாள். அதற்குள் அவள் சத்யாவிடமிருந்து நிறையச் சைகைகள் கற்றுக்கொண்டிருந்தாள். புரியாத இடத்தில் இருவரும் போனில் டைப் செய்து காட்டிக்கொள்வார்கள்.

"அக்கா, அது வுட்டுப்போனது இல்லியாம். அவங்க பேசினது இன்னான்னு இவளுக்குத் தெரியாது. அதான் காலி. நீங்க பாட்டுக்குக் கத எழுதி வெச்சிருக்கீங்க."

"இது நிஜமா நடந்ததா?"

"போன மாசம். யாரு வந்தாங்க, எங்கேருந்து வந்தாங்க, ஒண்ணும் தெரியாது. அவங்க போனப்புறம் அவங்கம்மா கழுத்துல இப்டிக் காட்டிச்சாம்." பவித்ரா தன் கழுத்தைச் சுற்றி விரலை ஓட்டி, முடிச்சுப் போடுவதுபோல் செய்து காட்டினாள். "தாலி. அவ்ளோதான் சொன்னது. அதுக்கப்புறம் என்னா ஆச்சின்னு இவளுக்கே தெரியாததால கத மூணு பக்கத்தோட நிக்குது."

குரல் கொடுக்கிறேன் என்று கிளம்பியவள் முதல் கதையிலேயே கொடுத்துவிட்டேன் பாருங்கள்… யாரும் கேட்காமலே.

சத்யாவிடம் மன்னிப்புக் கேட்டேன். கையைக் கட்டிக்கொண்டு முழித்ததில் அவளுக்குப் புரிந்துவிட்டது, சிரித்துவிட்டாள். பிறகு ஒரு தாளில் எழுதிக் கேட்டேன்: 'இதைப் புத்தகத்தில் போடலாமா? அம்மா கோபப்படுவாரா?'

அவள் கீழே இரண்டே வார்த்தை எழுதினாள்: 'அம்மா பார்க்கணும்.'

போட்டோம். புத்தகங்களைப் பள்ளிக்கூடம், நூலகம், டீக்கடை, மார்க்கெட் என்று பிள்ளைகளே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதற்கு முன் நான் மணப்பட்டுக்குப் போய் அந்த அம்மாவைப் பார்த்திருக்க வேண்டும். மகள் வரைந்ததை வீட்டில் வைத்துக் காட்டியிருக்க வேண்டும். புத்தகம் வந்த குஷியில் அது எனக்குத் தோன்றவே இல்லை. மார்க்கெட்டில் நாலு பேர் காட்டி அவர் பார்க்கும்படி ஆகிவிட்டது. பாதி நியாயம் என்றேனே, அது இதுதான்.

"தப்பு என்னுதுதாம்மா. மொதல்ல உங்ககிட்டதான் காட்டியிருக்கணும்" என்றேன்.

மல்லிகா — அதுதான் அவர் பெயர் — இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சத்யா வெளியே வந்துவிட்டாள். அம்மாவைப் பார்த்தாள், அம்மா கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். பயப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் பெஞ்சில் உட்கார வைத்தாள். புத்தகத்தைப் பிரித்தாள். காலி பலூன் ஒன்றில் விரலை வைத்தாள். அம்மாவின் வாயைத் தொட்டாள். தன் காதைத் தொட்டு, இல்லை என்று தலையாட்டினாள். அடுத்த பலூன். வாய். காது. இல்லை. அடுத்த பலூன்…

"நான்தான் சொன்னேனே" என்றார் மல்லிகா என்னைப் பார்த்து.

"எப்ப சொன்னீங்க?" என்று பவித்ரா கேட்டாள்.

"அவங்க போனப்புறம் சொன்னேன்."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடின்னா… அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிலேருந்து எங்க வூட்ல வேற பேச்சே கெடையாது. காலீல எழுந்தா அதான், படுக்கப் போனா அதான். அவரும் நானும் பேசிப் பேசி வாயே வலி…"

அப்படியே நிறுத்திவிட்டார். பாதி வார்த்தையில்.

பிறகு பவித்ராவிடம் கேட்டார். "நீ எப்டிடி அவளாண்ட பேசற?"

"மூணு மாசமா பக்கத்துலயே குந்திக்கினு இருக்கேன். வந்துட்டுது."

குத்திக் காட்டுகிற குரலில் அவள் சொல்லவில்லை. இருந்தும் மல்லிகா தலையைக் குனிந்துகொண்டார். இருட்டு பிரிவதற்குள் மீன் எடுக்க ஓடுகிற பெண். பக்கத்தில் உட்கார அவருக்கு எந்த மூன்று மாதம் கிடைத்தது? அதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் ஓரமாக நின்று பார்த்தேன். அம்மா சொன்னார், பவித்ரா கைகளால் மாற்றினாள், சத்யா கேட்டாள். மாப்பிள்ளைக்குக் கடலூர் பக்கம். போட் இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறவர். முதல் மனைவி இறந்துவிட்டார். நாலு வயதில் ஒரு குழந்தை. மல்லிகா பவித்ராவுக்காகக் காத்திருக்காமல், கையை இடுப்பு உயரத்தில் வைத்துக் காட்டினார்.

சத்யா அந்தக் கையையே பார்த்தாள். குழந்தை இருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிகிறது. எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தாள். வேகமாக ஏதோ கேட்டாள்.

பவித்ரா அவளை இன்னொரு தடவை காட்டச் சொன்னாள்.

"இன்னாவாம்?" என்றார் மல்லிகா.

"அந்தக் கொழந்தைக்காச்சும் சொன்னாங்களான்னு கேக்கறா."

மல்லிகா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "யாரு கட்டுவான்னு ஊரே கேட்டுது. ஒருத்தன் கட்டறேன்னான். சரின்னுட்டேன். வேற இன்னா பண்ணுவேன்" என்றார். அதையும் பவித்ரா விடாமல் மாற்றிச் சொன்னாள்.

சத்யா வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அவர் பெயர் என்ன என்று கேட்டாள். நேரில் பார்த்துத் தானே பேச வேண்டும் என்றாள். பவித்ராவும் கூட வர வேண்டும் என்றாள். அதுவரை யாரும் யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது என்றாள். கடைசியாகச் சொன்னதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

மல்லிகா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். புத்தகத்தையும் எடுத்துக்கொண்டுதான் போனார்.

புதன்கிழமை மாலை எனக்குப் போன் வந்தது.

"டீச்சரம்மா, அவங்களுக்கு போன் போட்டுட்டேன். பொண்ணு பாத்துப் பேசணுங்கறா, அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம்னு சொன்னேன். அந்தப் பையனோட அம்மாவுக்குக் கோவம். ஊமப் பொண்ணுக்கு இவ்ளோவான்னு கேட்டுது. எனக்கும் கோவம் வந்துட்டுது."

"என்ன சொன்னீங்க?"

"அத்த உன்னாண்ட சொல்ல முடியாது."

"சத்யா அப்பா என்ன சொல்றார்?"

"ரெண்டு நாளா மூஞ்சி குடுத்துப் பேசல. சம்பந்தம் போயிட்டுதுன்னு அவருக்கு வருத்தம். போச்சா இருக்குதான்னு இன்னும் தெரியல. பாத்துக்கலாம்."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"இன்னொண்ணு கேக்கணும். அந்தப் படத்துல என்னிய ஏன் அவ்ளோ குண்டா போட்டிருக்கா?"

அவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"நீங்களே கேளுங்கம்மா" என்றேன்.