ரூத்துக்குப் பக்கத்தில் ஒரு கதிரை

சாரங்கியை டென்மார்க்கில் இருக்கும் எங்கள் ஈழத்து ஆட்கள் பலருக்குப் பிடிக்காது. எனக்கு அவள் தங்கை முறை. அதனால் நானே சொல்லலாம். ஆசிரியர்களாகப் போகிற டெனிஷ் பிள்ளைகளுக்கு யூதப் படுகொலையைப் படிப்பிப்பதுதான் அவள் வேலை. "எங்கட சாவுகள் காணாதெண்டு உவ ஏன் ஊரான்ர சாவை அழுகிறா?" என்று ஹேர்னிங் நகரத்துக் கோயிலில் என் காதுபடவே கேட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளிடம் வரும் பிள்ளைகளுக்கு ஒரு கதைதான் தெரியும்: மீன்பிடிப் படகுகளில் யூதர்களை ஏற்றிச் சுவீடனுக்கு அனுப்பிக் காப்பாற்றிய நல்ல டென்மார்க். அது பொய் இல்லை. ஆனால் அவள் வகுப்புக்கு ஆண்டுதோறும் அழைப்பது படகு கிடைக்காத ஒருவரை. ரூத் என்ற மூதாட்டி, ஏழு வயதில் தாயோடு பிடிபட்டு, தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர். தாய் அங்கேயே இறந்துவிட்டார். தனியே திரும்பி வந்த ரூத், பக்கத்து வீட்டுப் பெண் தன் தாயின் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போவதைக் கண்டார். இருவரும் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். பல வருஷம் அப்படியே சொல்லிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் ரூத் பேச்சை நிறுத்திவிடுவார். பிள்ளைகள் ஆறுதலாக ஏதாவது சொல்லத் துடிப்பார்கள். சாரங்கி விடமாட்டாள். "சாட்சி சொல்பவர் மௌனமானால் அதை நிரப்பாதீர்கள்" என்பாள். அதில் மட்டும் பொல்லாதவள்.

போன வருஷம் வகுப்பு முடிந்து எழும்பும்போது ரூத் சொன்னார்: "முப்பது வருஷமாக இப்படி வந்து பேசுகிறேன். எங்கள் கோட்டுகளை எடுத்தவர்கள் ஒருவரும் என் பக்கத்தில் வந்து இருந்ததில்லை."

அந்தப் பேச்சு சாரங்கியைத் தூங்கவிடவில்லை. 1990இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை எங்கள் போராளி இயக்கம் விரட்டியபோது அவளுக்கு எட்டு வயது. ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. கொஞ்ச நாளில் ஹனிபா என்ற தையல்காரரின் மெஷின் அவர்கள் வீட்டு விறாந்தையில் நின்றது. அவளுடைய பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை அம்மா அதில்தான் தைத்தாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்கு எங்கள் சாவுகளே போதுமானவையாக இருந்தன.

ஹேர்னிங்குக்குப் போய்த் தகப்பன் குணசேகரத்தைக் கேட்டாள். தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்த மனுசன். எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர் என்று பெயர்.

"அப்பா, என்ர வகுப்புக்கு வந்து அந்த மெஷினைப் பற்றிக் கதைப்பீங்களே?"

"உனக்கென்ன விசரே? நான் ஒருத்தரையும் துரத்தேல்லை."

"நீங்கள் துரத்தினனீங்கள் எண்டு நான் சொல்லேல்லை. மெஷின் எப்பிடி எங்கட வீட்டை வந்தது?"

தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. சாரங்கி காத்திருந்தாள்.

"கடைத் திறப்பை அவன் என்னட்டைத்தான் தந்தவன்," என்றார் கடைசியில். "கடையைப் பாத்துக்கொள்ளுங்கோ அண்ணை, வந்திடுவன் எண்டவன். நான் எடுக்காட்டி வேற ஆரும் எடுத்திருப்பாங்கள், பிள்ளை."

"வருவீங்களோ?"

"வரமாட்டன். நீயும் சொல்லாதை. நான் செத்தாப் பிறகு என்னவெண்டாலும் சொல்லு."

இந்த வருஷம் ரூத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரை போட்டிருந்தாள். அப்பா மனம் மாறி வருவார் என்று கடைசிவரை வாசலைப் பார்த்தாளாம். அவர் வரவில்லை. தானே அதில் இருந்தாள். "ஒன்றை ஒன்றோடு ஒப்பிட நான் இதைச் சொல்லவில்லை" என்று தொடங்கி, மெஷினையும் திறப்பையும் வெள்ளைச் சட்டையையும் சொன்னாள். அப்பாவைக் காட்டிக்கொடுத்தது அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டது நிம்மதியாக இருந்ததாம்.

ரூத் அவளைத் தேற்றவில்லை.

"அந்தத் தையல்காரர் இப்போது எங்கே இருக்கிறார்?"

"தெரியாது."

"தேடினீர்களா?"

"இல்லை."

சாரங்கி தன் மாணவர்களைப் பார்த்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள்தான் அவர்களுக்கு அப்படிப் படிப்பித்திருந்தாள்.