கணுக்காலுக்குக் கட்டுப் போட்ட சனிக்கிழமை

தொண்ணூறுகளின் நடுவில், நான் படித்த பல்கலைக்கழகத்தின் ஃபுட்போல் அணி பௌல் ஆட்டத்துக்குத் தெரிவானது. பருவத்து ஆட்டங்கள் எல்லாம் முடிந்த பிறகு, வென்று வந்த அணிகள் கார்த்திகையில் மோதும் பெரிய ஆட்டம் அது. ரொரன்ரோ நகர மையத்தில், கூரை மூடிய மைதானத்தில் நடக்க இருந்தது. முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு ஓடுபவனை மற்றவர்கள் முட்டி விழுத்தும் விளையாட்டு, காயத்துக்குக் குறைவில்லை. அணியின் காயங்களைப் பார்க்கும் சிகிச்சையாளரிடம் நான் வேலை பழகிக்கொண்டிருந்தேன். ஐஸ் வைப்பேன், கணுக்கால்களுக்கு ரேப் என்ற ஒட்டுப் பட்டியைச் சுற்றுவேன்.

வீட்டில் இது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மென்ற் குசினியில் அவருடைய காலில்தான் சுற்றிப் பழகினேன். இறுக்கினால், "மெல்லப் பிள்ளை, நாளைக்கு நான் வேலைக்குப் போகோணும்" என்பார். நான் நூலகத்தில் இருப்பதாக அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் இந்த ஆட்டம் ரீவியில் போகும். வேறு யாரும் சொல்லி அவர் அறிவதை நான் விரும்பவில்லை. வியாழக்கிழமை சாப்பிடும்போது நானே சொன்னேன்.

அப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"பொம்பிளைப் பிள்ளை, பெடியளின்ர காலைப் பிடிக்கவோ உன்னை யுனிவர்சிற்றிக்கு அனுப்பினது?"

"காயம் பாக்கிறன் அப்பா. ஒரு டொக்டர் தொட்டால் இப்பிடிக் கேப்பியளோ?"

"நீ டொக்டரோ?"

"இல்லை. ஆனா இந்த வேலை எனக்குத் தெரியும்."

"சனம் பாக்கும். சனிக்கிழமை நீ வீட்டில நிக்கிறாய்."

"நான் போறன்."

அவர் முகத்துக்கு நேரே அப்படி ஒரு சொல் அதுவரை நான் சொன்னதில்லை. சொன்னதைத் திருப்பி எடுக்கவும் இல்லை.

சனிக்கிழமை காலையில் என் அணி ஜக்கெற்றைக் காணவில்லை. அப்பா அதைக் கார் டிக்கியில் வைத்துப் பூட்டியிருந்தார். அம்மாவின் மண்ணிறக் குளிர்க் கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, சப்வே பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். சிகிச்சையாளர் தன் பழைய ஜக்கெற்றைத் தந்தார்.

இரண்டாம் பாதியில், பந்தோடு ஓடும் எங்கள் ஆள் நொண்டிக்கொண்டு வந்து பெஞ்சில் விழுந்தான். கணுக்கால் மடங்கியிருந்தது. சிகிச்சையாளர் மைதானத்தின் நடுவே, தலையில் அடிபட்டுக் கிடந்த இன்னொருவனோடு இருந்தார். பயிற்சியாளர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, வேறு யாரும் இல்லையா என்று கத்தினார்.

"நான்தான் இருக்கிறேன்" என்று நானும் கத்தினேன்.

அவன் முன்னால் மண்டியிட்டு, கணுக்கால் எலும்பை அழுத்திப் பார்த்தேன். உடைவு இல்லை. ரேப்பைச் சுற்றத் தொடங்கியபோது ரீவிக் கமரா ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. முகத்தைத் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை. நான் திருட்டு வேலை செய்யவில்லையே. சிகிச்சையாளர் ஓடி வந்து, கட்டைத் தடவிப் பார்த்து, போகலாம் என்று தலையாட்டினார். அவன் எழுந்து ஓடினான், கட்டு அவிழாமல் நின்றது. ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம்.

பின்னேரம் அம்மாதான் கதவைத் திறந்தார்.

"உன்னை ரீவியில காட்டினவை. மூன்றாம் மாடி அன்ரி ஃபோன் எடுத்து, உங்கட மகள் ஏன் ஒரு பெடியன்ர காலடியில இருக்கிறா எண்டு கேட்டவ."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வேலை செய்யிறாள் எண்டு சொல்லிப்போட்டு வச்சிட்டன்."

அப்பா அறைக்குள் இருந்தார். அதற்குப் பிறகு தை மாதம் வரைக்கும் என்னோடு பேசவில்லை. பேசத் தொடங்கியபோதும் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அடுத்த ஆவணியில் அணியின் பயிற்சி தொடங்கியது. நான் போகும் நாட்களை எல்லாம் ஒரு தாளில் பெரிதாக எழுதிப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அப்பா நின்று வாசித்தார்.

"ஞாயிறும் இருக்கோ?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"ஓம்" என்று நான் பதில் சொன்னேன்.