குப்பியில் ஒட்டிய காகிதப் பட்டை

எங்கள் குடும்பத்தில் குப்பியும் தராசும் பிடித்த ஆண்கள் இரண்டு பேர். என் கணவர் கிள்ளானில் ஒரு ரப்பர் ஆலையில் கெமிஸ்ட். என் அண்ணன் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். டாக்டர் எழுதித் தரும் மருந்தைக் கலந்து கொடுப்பவர். அக்கம்பக்கத்தாருக்கு இந்த வித்தியாசம் கடைசிவரை மண்டையில் ஏறவில்லை. வேலை முடிந்து ஆசிட் வாடையோடு ரயிலிறங்கி வரும் என் கணவரை வாசலிலேயே மறித்து இருமலுக்கு மருந்து கேட்பார்கள்.

"நான் ரப்பர் பாலுக்குத்தான் வைத்தியம் பாக்குறேன்" என்பார் அவர்.

அண்ணன் சிரிப்பார். "மாப்பிள்ளை, குப்பிக்குள்ள என்ன இருக்குன்னு நீங்க சொல்லுங்க. அது யார் வயித்துக்குள்ள எவ்வளவு போகணும்னு நான் சொல்றேன்."

கம்பவுண்டர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மருந்துக் குப்பியின் பக்கவாட்டில் நீளமாக ஒரு காகிதப் பட்டையை ஒட்டுவார்கள். அதன் ஓரத்தில் கத்திரியால் வெட்டுகள் போட்டிருக்கும். ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டுவரை ஒரு வேளை மருந்து. பெரியவர்களுக்கு வெட்டுகள் தள்ளித் தள்ளி இருக்கும், குழந்தைகளுக்கு நெருக்கமாக. படிக்கத் தெரியாதவர்களும் அளவு தப்பாமல் குடித்துவிடலாம்.

ஜப்பான்காரன் வந்ததும் ஆலை மூடிவிட்டது. கணவர் செம்பனை எண்ணெயில் சோப்புக் காய்ச்சினார். அந்தச் சோப்பு அழுக்கை விட்டுவிட்டுத் தோலை உரித்தது. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்றோம். என் மகள் அப்போது சின்னக் குழந்தை, அவளுக்கு மலேரியா விட்டு விட்டு வந்தது.

பிறகு ஒருநாள் அண்ணனின் டிஸ்பென்சரிக்கு லோரி வந்தது. சயாமில் ரயில் பாதை போடுகிறவர்களுக்கு மருந்து கொடுக்க ஆள் வேண்டுமாம். மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் வாய் வராத காலம். புறப்படுமுன் அண்ணன் என் மகளைத் தூக்கி எடை பார்ப்பதுபோல் ஆட்டினார். மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா மருந்து நிரம்பிய குப்பி ஒன்றில் அவளுக்கென்று பட்டை வெட்டி ஒட்டி என்னிடம் தந்தார்.

"காய்ச்சல் திரும்ப வரும், தங்கச்சி. பட்டையைப் பாத்து ஊத்து. தீர்றதுக்குள்ள வந்துருவேன்."

குப்பியில் ஒரே ஒரு வேளை மருந்து மிஞ்சியிருந்தபோது மகளுக்கு மறுபடி நடுக்கம் கண்டது. அண்ணன் வரவில்லை. நான் கிள்ளான் பாசார் கடைத்தெருவுக்குப் போய், கூறைச் சேலையைக் கொடுத்து ஒரு பொட்டலம் கொய்னாப் பொடி வாங்கி வந்தேன். அந்தச் சேலைக்காக எனக்கு வருத்தம் வரவில்லை. அப்போதெல்லாம் எதற்குமே வருவதில்லை. மனசு மரத்துப்போயிருந்தது.

கணவர் பொடியை நாக்கில் வைத்து முகம் சுளித்தார். "கொய்னாதான். ஆனா மரவள்ளி மாவு கலந்திருக்கான்."

"எவ்வளவு கொடுக்க?"

"கலப்படம் எவ்வளவுன்னு தெரியாம எப்படிச் சொல்றது? கூடிப்போனா காது போயிரும், உயிரே போனாலும் போகும். குறைஞ்சா காய்ச்சல் நிக்காது."

"அண்ணன் இருந்தா சொல்லியிருப்பாரு" என்றேன். கோபம் மட்டும் எனக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

அவர் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மச்சான் சொல்லிட்டுத்தான் போயிருக்காரு" என்றார்.

கொய்னா புளிப்பில் கரைந்தால் வெயிலில் நீலமாக மினுங்கும். கொய்னா கூடக் கூட நீலமும் கூடும். அண்ணனின் கடைசி வேளை மருந்தை அவர் ஒரு கண்ணாடித் தம்ளரில் ஊற்றினார். இன்னொன்றில் அதே அளவுக்குத் தண்ணீரும் வடிகட்டிய எலுமிச்சைச் சாறும். இரண்டையும் கிணற்றடி வெயிலில் ஒரு கறுப்புத் துணிக்கு முன்னால் வைத்து, பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கினார். மாவு அடியில் தங்கியது. மேலே நீலம் ஏறிக்கொண்டே வந்தது. உள்ளே பாயில் மகள் முனகுவது கேட்டது. ஓர் இடத்தில் கையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டும் ஒண்ணா இருக்கா, பாரு."

ஒன்றாகத்தான் இருந்தது. அண்ணனின் மருந்தை அன்றைக்குக் கொடுத்தோம். அடுத்த வேளையிலிருந்து கணவர் அதே விகிதத்தில் கலந்ததை அதே குப்பியில் ஊற்றி, அதே பட்டையைப் பார்த்துக் கொடுத்தேன். காய்ச்சல் இறங்கியது. அதற்குப் பிறகு குப்பி காலியாகவே நான் விடவில்லை. பாதி குறைந்ததும் நிரப்பச் சொல்லிக் கணவரை நச்சரிப்பேன்.

ஜப்பான்காரன் போன பிறகு, சயாமிலிருந்து திரும்பிய ஒருவர் வீடு தேடி வந்தார். அண்ணன் அங்கே மலேரியாவில் இறந்துவிட்டதாகச் சொன்னார்.

"மருந்து கொடுக்கத்தான் அவரைக் கூட்டிட்டுப் போனாங்க, அக்கா. அங்க மருந்துதான் இல்ல."

அவருக்குக் கறுப்புக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அழுகை வரவில்லை. அடுப்பை அணைத்தேனா என்பதுதான் ஞாபகத்தில் ஓடியது.

சில நாள் கழித்து மகளுக்கு மறுபடி உடம்பு சுட்டது. கணவர் குப்பியைத் திருப்பிப் பார்த்தார். பட்டை பழுப்பேறி ஓரங்களில் பிய்ந்திருந்தது.

"இவ வளந்துட்டா. இந்த அளவு இனிமே பத்தாது. புதுசா வெட்டி ஒட்டணும்" என்று கத்திரியை எடுத்தார்.

"வேணாங்க. குப்பி இன்னும் தீரல. அண்ணன் வந்து வெட்டுவாரு" என்றேன்.

சொன்னது என் காதிலேயே விழுந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. கணவர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.