ரத்தம் எடுக்காத ஞாயிறு

ராயபுரத்தில் எங்கள் மாதா கோயிலில் ரத்ததான முகாம் போட்டால் என் வீட்டுக்காரர் முதல் ஆளாகப் போய்ப் படுத்துவிடுவார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். "ரத்தம் குட்த்துகினே இருந்தா ஆர்ட்டுக்கு நல்லதாம்மே, பேப்பர்லயே போட்டுகீறாங்க" என்பார். அவருடைய அண்ணன் வேலை பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பயம் இவருக்குள் இருந்தது. எனக்கோ பற்றிக்கொண்டு வரும். "வெய்யில்ல காயுற ஒடம்பு, இருக்கிற ரத்தத்தையும் ஊத்திட்டு வா" என்று ஒவ்வொரு தடவையும் சண்டை பிடிப்பேன்.

இரண்டாயிரம் பிறந்த புதிதில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து முகாமுக்குப் போனவர் போன வேகத்தில் திரும்பி வந்தார். கையில் பஞ்சும் இல்லை, பிளாஸ்திரியும் இல்லை.

"வோணாம்னு அனுப்பிட்டாங்க."

எனக்கு வாயெல்லாம் பல். அவர்களுக்காவது புத்தி வந்ததே என்று சொல்லிக்கொண்டே வஞ்சிர வறுவலில் கூடுதலாக ஒரு துண்டு வைத்தேன். அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "பிரஷர் ரொம்ப ஏறிகீதாம். ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போ சொல்றாங்க."

அண்ணன்காரர் முகம் என் கண் முன்னால் வந்து நின்றது. எப்படியோ ஆட்டோ பிடித்தேன். வழி நெடுக "ஒண்ணியும் இல்லமே" என்று எனக்குத் தைரியம் சொன்னவர் என் கையை மட்டும் விடவே இல்லை.

இசிஜி எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "இதயம் நல்லா இருக்கு. மாத்திரையை விடாம போடணும், கருவாட்டை நிறுத்தணும்" என்றார். மனசு கேட்காமல் கேட்டேன்.

"ரத்தம் குட்த்தா ஆர்ட்டுக்கு நல்லதுன்னு சொல்லிகினு கீறாரே, நெஜமா?"

"இருக்கலாம்னு சிலர் சொல்றாங்கம்மா, உறுதியாத் தெரியாது. ஆனா குடுக்கப் போகலைன்னா இவருக்கு யாரு பிரஷர் பாத்திருப்பாங்க?"

வாஸ்தவம்தான். காய்ச்சலுக்குக்கூட டாக்டர் வாசலை மிதிக்காத மனுஷன். அப்பாடா என்று வெளியே வந்து உட்கார்ந்தவள் தேம்பித் தேம்பி அழுதேன்.

அடுத்த முகாம் அன்று அவர் எழுந்திருக்கவே இல்லை. "மாத்திரை துன்றவன் கைல எட்க்க மாட்டாங்கமே."

"எட்க்காட்டி போவுது. பிரஷராவது பாத்துகினு வரலாம், எய்ந்திரு."

கூடவே போனேன். பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்த நர்ஸ், "நார்மல்" என்றாள். சின்னப் பெண்தான். அவள் கையைப் பிடித்து என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"வுடுமே, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க" என்றார்.