சன்னலில் எரிய வேண்டிய விளக்கு

தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த இறம்பொடையில் ரோட்டைப் பார்த்த எங்கள் முன்னறையைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். போன டிசம்பரில் ஓர் இஸ்ரேலியத் தம்பதி வந்து தங்கினார்கள். கணவர் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: எந்த நாடு என்று யாரிடமும் சொல்ல வேண்டாம்.

மறுநாள் பொழுது சாயும்போது அந்தப் பெண் ஒரு பித்தளைத் தாங்கியை எடுத்துச் சன்னலில் வைத்தார். அன்று ஹனுக்கா தொடங்குகிறது என்றார். எதிரிகளிடமிருந்து மீட்ட கோயிலில் ஒரு நாளைக்கு மட்டும் இருந்த எண்ணெய் எட்டு நாள் எரிந்ததாம். அதை நினைத்து எட்டு மாலைகள், தினம் ஒன்று கூட்டி ஏற்றுவார்கள். எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிடுவார்கள். அவரும் என் மனைவியும் உருளைக்கிழங்கைத் துருவி அடை மாதிரி பொரித்து வைத்திருந்தார்கள். தாங்கியில் எட்டு மெழுகுவர்த்திக்கு இடம். ஒன்பதாவது மட்டும் உயரத்தில்.

"ஒசரமா நிக்கிறது யாரு, கங்காணியா?" என்றாள் என் மனைவி.

இல்லை, அது வேலைக்காரன், மற்றவற்றை ஏற்றி விடுவது அதன் வேலை என்றார் அந்தப் பெண்.

"வேலக்காரனயா மேல வச்சிருக்காங்க? நம்ம தோட்டத்துல இதக் காணோமே."

கணவர் சிரிக்கவில்லை. மேசையில் வைக்கலாம் என்றார். நடந்த அற்புதத்தை ஊருக்குச் சொல்வதற்குத்தான் விளக்கு, அதனால் தெருவுக்குத் தெரிய வேண்டும். ஆபத்துக் காலமானால் வீட்டுக்குள் மேசையில் வைத்தாலே போதும். விதி அப்படி. தன் அப்பா ஒரு வருடமும் மேசைக்குப் போனதில்லை என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் சன்னலிலேயே ஏற்றினார். முதல் நாள் என்பதால் ஒன்றும் வேலைக்காரனும் மட்டும் எரிந்தன.

அப்போது, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரர் கேஸ் சிலிண்டரோடு வேனில் வந்து இறங்கினார். அவருடைய கடைக் கண்ணாடியில் காசா பிள்ளைகளின் படம் ஒட்டியிருக்கிறது. நானும் என் மனைவியும் முன்னறை வாசலுக்குப் போனோம்.

"கார்த்திக முடிஞ்சு எத்தன நாளாச்சு. ஒங்க வீட்டுல மட்டும் இன்னும் முடியலயா, தங்கச்சி?"

"எண்ண மிஞ்சிப் போச்சு நானா, அதான்," என்றாள் என் மனைவி.

அவர் சன்னலைப் பார்த்தார். "மெழுகுவத்திக்கு எதுக்கு எண்ண?"

என்ன பேச்சு என்று அந்தப் பெண் கேட்டார். சொன்னேன். இன்னொரு பண்டிகையின் பெயரில் எரிந்தால் இது எங்கள் விளக்கே இல்லை, உள்ளதைச் சொல்லுங்கள் என்றார். கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யூதர்களோட பண்டிக, நானா," என்றேன்.

"அந்த நாட்டு ஆளுங்களா?"

கேள்வி புரிந்தது போல, நான் வாய் திறக்கும் முன்னமே அந்தப் பெண் தலையசைத்தார்.

நானா சிலிண்டரைக் கீழே வைத்தார். "அங்க எங்க ஆளுங்க புள்ளகுட்டியோட சாவுறாங்க. இத அப்பிடியே சொல்லுங்க தம்பி. கொறைக்காதீங்க."

குறைக்காமல் சொன்னேன். "தெரியும்," என்றார் அந்தப் பெண். பிறகு, இந்த ரோட்டில் இதை வைப்பது ஆபத்தா என்று நானாவிடமே கேட்கச் சொன்னார்.

நானா ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். "என்னால ஒண்ணும் வராது. ரோட்டுல போற வாறவனுக்கெல்லாம் நான் வாக்குக் குடுக்க ஏலாது."

இதைக் கேட்டதும் கணவர் தாங்கியை எடுக்கக் கை நீட்டினார். அந்தப் பெண் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். ஏற்றிய பிறகு இடம் மாற்றக் கூடாது. அரைமணி நேரமாவது அங்கேயே எரிய வேண்டும் என்றார். அதையும் நானாவிடம் சொன்னேன். அவர் வேனுக்குப் போனார்.

வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. ஆனால் அது ரோட்டுக்குத் திரும்பவில்லை. பின்பக்கமாக உருண்டு வந்து, சன்னலை ஒட்டி நின்றது. எஞ்சின் அணைந்தது. இனி ரோட்டிலிருந்து பார்த்தால் வேன் மட்டும்தான் தெரியும்.

"தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள்," என்றார் அந்தப் பெண்.

போய்ச் சொன்னேன். நானா ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். "மெழுகுவத்தி முடியட்டும். அப்புறம் போறேன்."

உள்ளே வந்து அதைச் சொன்னதும் கணவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பெண் உட்காரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், வேனின் தகட்டில் அந்த இரண்டு சுடர்களும் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.